திறந்து விட்ட வால்வு

இன்றைக்கும் யாராவது "நீங்கதானே அந்தப் பாய்மரப் போட்டுல கக்கூஸ் சரி பண்ணவரு?" என்று கேட்டால் எனக்குக் காது மடல் சுடுகிறது. கேட்கிறவர் பாராட்டாகத்தான் கேட்கிறார். நான் சிரித்து வைத்துவிட்டு, பேச்சை மோட்டார் பக்கமோ டேங்க் பக்கமோ திருப்பிவிடுவேன். மூன்று வருடமாக இப்படித்தான் தப்பித்துக்கொண்டிருக்கிறேன்.

நான் குழாய் வேலை செய்கிறவன். மன்னார்குடியில் சின்னதாக ஒரு கடை. சொந்த ஊர் ஒரத்தநாட்டுப் பக்கம், புதாறு என்கிற கல்லணைக் கால்வாய்த் தண்ணீரில் விளையும் மேட்டுப்பாங்கான கிராமம். தண்ணீர் வரவில்லையே என்ற கவலை எங்களுக்கு உண்டு. வந்த தண்ணீர் போகவில்லையே என்ற கவலை கிடையாது. ஐப்பசி மழையில் வயலில் தண்ணீர் கட்டிக்கொண்டால் வரப்பில் மண்வெட்டியால் ஒரு வெட்டு, அவ்வளவுதான். மடையைத் திறந்துவிட்டு வீட்டுக்கு வந்து படுத்துக்கொள்ளலாம். விடிந்து போய்ப் பார்த்தால் தண்ணீர் வடிந்து, பயிர் தலையைத் தூக்கிக்கொண்டு நிற்கும். திறந்த மடையை எப்போது மூடுவது என்று யாரும் மணி பார்த்ததில்லை. பள்ளத்தைக் காட்டினால் தண்ணீர் போகும், போனது திரும்பி வராது. இந்த ஒரே அறிவை மூலதனமாக வைத்துத்தான் நான் பிளம்பர் ஆனேன். அதிலேயே தலைகால் புரியாமல் ஆடவும் செய்தேன்.

நடுவில் நான்கு வருடம் வளைகுடாவில் இருந்தேன். அங்கே நான் பார்த்தது தொழிலாளர் குடியிருப்புகளின் கழிவுக் குழாய் வேலை. ஊருக்கு வந்து டீக்கடையில் அளந்துவிட்டது வேறு. "ஷேக்கோட பாய்மரப் படகுல பைப்லைன் பூரா நம்ம கைதான்" என்று சொல்லி வைத்திருந்தேன். அந்தப் படகுகளை நான் கரையில் நின்றுதான் பார்த்தேன், அதுவும் விடுமுறை நாளில், கையில் ஐஸ்கிரீமோடு. பொய்க்குக் கால் முளைத்து நடந்துகொண்டே இருந்திருக்கிறது. ஒருநாள் கடற்கரை ஊர் ஒன்றிலிருந்து போன் வந்தது.

"படகு வேலை தெரிஞ்ச பிளம்பர் நீங்கதான்னு சொன்னாங்க. நம்மகிட்ட ஒரு பாய்மரப் போட்டு இருக்கு. டாய்லெட் பம்பு அடிக்க முடியல, கிச்சன்ல தண்ணி போக மாட்டேங்குது. வந்து பார்க்கிறீங்களா?"

தெரியாது என்று சொல்ல ஒரு நொடி போதும். "நாளைக்குக் காலையில வர்றேன்" என்றேன்.

பேசியவர் முஸ்லிம் பெரியவர். சிங்கப்பூரில் கடை வைத்திருந்து, வயதான பிறகு ஊருக்குத் திரும்பியவர். ஊரில் எல்லோரும் அவரைக் காக்கா என்றார்கள். அந்தப் பக்கத்து முஸ்லிம் வீடுகளில் அண்ணனை அப்படித்தான் கூப்பிடுவார்கள். நானும் காக்கா என்றே கூப்பிட்டேன். பாய்மரப் படகு வைத்துக்கொள்ள வேண்டும் என்பது அவருடைய நெடுநாள் ஆசை. யாரோ வெளிநாட்டுக்காரர் கொச்சியில் விட்டுப்போன பழைய படகை வாங்கிக் கொண்டுவந்து, அலையாத்திக் காட்டை ஒட்டிய உப்பங்கழியில், மரத்தால் படகுத்துறை போட்டுக் கட்டி வைத்திருந்தார். ஆனால் அவருக்கு முழங்கால் போய்விட்டது. குறுகலான ஏணியில் படகுக்குள் இறங்க முடியாது. மரத்துறையில் நாற்காலி போட்டு உட்கார்ந்து அதைப் பார்த்துக்கொண்டிருப்பார்.

படகுக்குள்ளே இருந்தது வேறொருவர். மீனவர், அறுபதைத் தொடும் வயது. கடலில் வலை இழுக்கும் வின்ச்சுக் கயிற்றில் மாட்டி வலது தோள் பிசகியதிலிருந்து எந்தப் படகிலும் அவரைச் சேர்ப்பதில்லை. காக்கா அவரைக் காவலுக்கு வைத்திருந்தார். படகைக் கழுவுவது, கயிற்றை இறுக்குவது, உள்ளேயே சமைத்துச் சாப்பிட்டுப் படுத்துக்கொள்வது. வாரம் ஒருமுறை வீட்டுக்குப் போய் வருவார். முதல் நாளே என்னிடம் சொன்னார்.

"தரையில படுத்தா எனக்குத் தூக்கம் வரமாட்டேங்குது தம்பி. கட்டில் ஆடாம கெடந்தா நெஞ்சை அடைக்கிற மாதிரி இருக்கு. காக்கா புண்ணியத்துல இங்க தூங்குறேன்."

அந்தத் தூக்கத்துக்கும் ஆபத்து இருந்தது. காக்காவின் கடைகளைக் கவனித்துக்கொள்ளும் மருமகனுக்கு இந்த ஏற்பாடு பிடிக்கவில்லை. ஒற்றைக் கைக்காரரை வைத்து என்ன காவல், இளவயசு ஆள் ஒருவனைப் போடலாம் என்று மாமனாரிடம் தினமும் சொல்லிக்கொண்டிருந்தார். காக்கா பிடி கொடுக்காமல் இருந்தார். இதெல்லாம் எனக்கு முதல் நாள் டீ குடிக்கும்போதே தெரிந்துவிட்டது. தெரியாமல் செய்தேன் என்று சொல்லிக்கொள்ள எனக்கு வழியில்லை.

உள்ளே இறங்கிப் பார்த்தேன். வீட்டில் சுவருக்குப் பின்னால் இருக்கிறதெல்லாம் இங்கே முழங்காலுக்குக் கீழே, பலகைக்கு அடியில், ஆள் படுத்துக்கொண்டு கைவிடும் இடத்தில் இருந்தது. ஒரு சமையல் தொட்டி, ஒரு கைப்பம்பு வைத்த டாய்லெட். ஒரு குழாய் வழியாகக் கடல் தண்ணீர் உள்ளே வரும். இன்னொரு குழாய் வழியாகக் கழிவு வெளியே போகும். படகின் உடம்பில் ஓட்டை போட்டு, ஒவ்வொரு ஓட்டைக்கும் ஒரு பித்தளை வால்வு. மீனவப் பெரியவர் கழிவறைப் பீடத்தின் விளிம்பில் கையை வைத்துக் காட்டினார்.

"வெளியில தண்ணி இந்த உசரத்துல நிக்குது தம்பி. நாம உக்காந்திருக்கிறது தண்ணிக்குக் கீழ. இங்க எதைக் கழட்டுனாலும் மொதல்ல வால்வை மூடிட்டுத்தான் கழட்டணும்."

"எனக்கே பாடம் எடுக்கிறீங்களா அண்ணே?" என்று சிரித்தேன். அவரும் சிரித்தார். அவர் சொன்னது அன்று எனக்குப் புதுச் செய்தி என்பதை நான் காட்டிக்கொள்ளவில்லை.

டாய்லெட் கோளாறை முதல் நாளே பிடித்துவிட்டேன். பம்பு கெட்டுப்போயிருக்கும் என்றுதான் எல்லோரும் நினைத்திருந்தார்கள். பம்பைக் குழாயிலிருந்து பிரித்து வெறுமனே அடித்தால் வெண்ணெய் மாதிரி ஓடியது. அப்படியானால் குற்றம் கழிவுக் குழாயில். அந்த ரப்பர்க் குழாயைக் கழற்றி வெளிச்சத்தில் பிடித்தேன். உள்ளே விரல்கூட நுழையாதபடி வெள்ளையாகக் கல் பிடித்திருந்தது. கடல் உப்பும் மூத்திரமும் சேர்ந்து வருடக்கணக்கில் படிந்த கல். குழாயை மரத்துறையில் வேட்டி துவைக்கிற மாதிரி ஓங்கி ஓங்கி அடித்தேன். ஓடு ஓடாக உதிர்ந்தது. மிச்சத்துக்குத் தண்ணீர் கலந்த ஆசிட்டை ஊற்றி ஊற வைத்தேன். காக்கா நாற்காலியிலிருந்து எட்டிப் பார்த்து, "தொழில் தெரிஞ்ச ஆளு தொழில் தெரிஞ்ச ஆளுதான்" என்றார். எனக்கு உச்சி குளிர்ந்துவிட்டது.

இரண்டாம் நாள் காலை சமையல் தொட்டி. தண்ணீர் ஊற்றினால் களக் களக் என்று சத்தம் வந்தது, நின்றது, பிறகு மெல்ல இறங்கியது. தொட்டிக்கு அடியில் குழாய் தொய்ந்து ஒரு பள்ளமாகத் தொங்கியது. கழற்றினால் உள்ளே கெட்டியாக, பசை மாதிரி, புளித்த நாற்றத்தோடு ஒன்று அடைத்திருந்தது. பார்த்ததும் தெரிந்துவிட்டது. வடித்த கஞ்சி. பெரியவர் தினமும் சோறு வடித்து, கஞ்சியைச் சுடச்சுடத் தொட்டியில் ஊற்றியிருக்கிறார். நம் வீடுகளில் அது மாட்டுத் தொட்டிக்குப் போகும், இல்லையென்றால் கொல்லை வாய்க்காலுக்கு. இங்கே தொய்ந்த குழாயில் தங்கி, ஆறி, உறைந்திருந்தது.

இதை அவரிடம் மட்டும் சொல்லியிருக்கலாம். "அண்ணே, இனிமே வெளியில ஊத்துங்க" என்றால் முடிந்தது. நான் என்ன செய்தேன் தெரியுமா? அந்தப் பசையை ஒரு தட்டில் பிதுக்கி எடுத்துக்கொண்டு மேலே ஏறி, கூட்டத்துக்குக் காட்டுகிறவன் மாதிரி காக்காவிடம் நீட்டினேன். அந்த நேரம் மருமகனும் அங்கே இருந்தார்.

"பாருங்க மாமா, நான் சொன்னேனா இல்லையா?" என்றார் மருமகன்.

காக்காவுக்கு முகம் சிறுத்துவிட்டது. பெரியவரைக் கூப்பிட்டார். "இதோட சரி. இன்னொரு தடவை உன் பேர்ல ஏதாவது வந்துச்சுன்னா மாப்பிள்ளைகிட்ட என்னால பேச முடியாது. புரியுதா?"

"புரியுது காக்கா" என்றார் பெரியவர். அந்தத் தட்டை என் கையிலிருந்து வாங்கி, இடது கையாலேயே கழுவி வைத்தார். எனக்கு அப்போதே கொஞ்சம் உறுத்தியது. ஆனால் பாராட்டு வாங்கிய சூட்டில் அந்த உறுத்தல் தங்கவில்லை.

அன்று மத்தியானம் ஒரு வேலைதான் பாக்கி. டாய்லெட்டுக்குக் கடல் தண்ணீர் கொண்டுவரும் குழாயில் வாஷர் தேய்ந்திருந்தது. வால்வை மூடிவிட்டுக் குழாயைக் கழற்றி வைத்தேன். அந்த அளவு வாஷர் என்னிடம் இல்லை; மறுநாள் மன்னார்குடியிலிருந்து கொண்டுவர வேண்டும். மிச்சக் கல்லுக்காக டாய்லெட்டிலும் ஆசிட் ஊற்றியிருந்தேன், அந்த நெடி வேறு. பெரியவரிடம் நானே சொன்னேன்.

"இன்னிக்கு ராத்திரி உள்ள படுக்காதீங்க அண்ணே. நெஞ்சு எரியும். வீட்டுக்குப் போயிட்டுக் காலையில வாங்க."

அவருக்கு மனமில்லை. ஏணியில் பாதி ஏறி நின்று திரும்பிப் பார்த்தார்.

"வால்வு மூடித்தானே இருக்கு? இப்ப தண்ணி வத்திக் கெடக்கு. சாயங்காலம் ஏறும்."

"மூடித்தான் இருக்கு. நீங்க கெளம்புங்க" என்றேன். அப்போது அது உண்மை.

அவர் போன பிறகு சாமான்களை எடுத்து வைத்தேன். தரைப்பலகையைத் தூக்கிப் பார்த்தால் அடியில் முழங்கை ஆழத்துக்குத் தண்ணீர் கிடந்தது. இரண்டு நாள் நான் கழுவிவிட்ட தண்ணீர்தான். அதை வெளியேற்றக் கைப்பம்பு ஒன்று உண்டு. அடித்தால் முக்கால் மணி நேரம் ஆகும். இடுப்பு ஏற்கெனவே விட்டுப்போயிருந்தது. அந்தச் சமயம் சன்னல் வழியாக வெளியே பார்த்தேன். கழியில் தண்ணீர் நன்றாக வற்றி, படகு சேற்றில் உட்கார்ந்து லேசாக ஒரு பக்கம் சாய்ந்திருந்தது. நான் குழாய் கழற்றி வைத்திருந்த அந்த வால்வு, சாய்ந்த பக்கத்தின் அடியிலேயே இருந்தது. வெளியே அதற்கு நேராகத் தண்ணீர் இல்லை, ஈரச் சேறுதான்.

என் ஊர்ப் புத்தி விழித்துக்கொண்டது. உள்ளே மேடு, வெளியே பள்ளம். மடையைத் திறந்தால் தீர்ந்தது. வால்வின் கைப்பிடியைத் திருப்பினேன். களகளவென்று சத்தம், அடியில் கிடந்த தண்ணீர் சுழித்துக்கொண்டு வெளியே போனது. ஒரு சொட்டு வியர்வை இல்லாமல் வேலை முடிகிறதே என்று எனக்கு அவ்வளவு சந்தோஷம். பெரியவர் இரண்டு நாளாக வால்வு வால்வு என்று பயமுறுத்திக்கொண்டிருந்ததை நினைத்து உள்ளுக்குள் சிரித்துக்கொண்டேன்.

முழுக்க வடியட்டும் என்று மேலே வந்து காற்று வாங்கினேன். போன் வந்தது. மன்னார்குடியில் ஒரு கல்யாண வீடு, சமையல் கொட்டகையில் குழாய் உடைந்து தண்ணீர் பீய்ச்சி அடிக்கிறது, உடனே வா என்றார்கள். பையை எடுத்தேன், மோட்டார் சைக்கிளை மிதித்தேன், கிளம்பிவிட்டேன்.

வால்வு நினைவுக்கு வந்தது, பாதி வழியில். இந்த இடத்தை நான் எத்தனையோ முறை மனதுக்குள் மாற்றிச் சொல்லிப் பார்த்திருக்கிறேன். மறந்துவிட்டேன் என்று சொன்னால் கௌரவமாக இருக்கும். ஆனால் மறக்கவில்லை. வடிகால் பாலம் ஒன்று. அதன் ஷட்டரை ஒருவர் சக்கரத்தைச் சுற்றி இறக்கிக்கொண்டிருந்தார். வண்டியை ஓரங்கட்டி, "எதுக்கு மூடுறீங்க, வயல்ல தண்ணி நிக்குதே?" என்று கேட்டேன். அவர் என்னை ஏற இறங்கப் பார்த்தார்.

"இன்னும் செத்த நேரத்துல கடல் தண்ணி எதுத்து ஏறுமே. மூடலன்னா வயலு என்னாவுறது?"

கடைமடைக்காரர்களுக்கு இது தினப்படி வேலை. வற்றும்போது திறப்பார்கள், ஏறுவதற்கு முன்னால் மூடுவார்கள். தண்ணீருக்கு இரண்டு பக்கமும் வழி தெரியும் என்று சின்ன வயதிலேயே தெரிந்துகொண்டவர்கள். அறுபது கிலோமீட்டருக்குள்தான் என் ஊர். எனக்கு அது அன்றைக்குத்தான் மண்டையில் ஏறியது. முக்கால் இஞ்ச் ஓட்டை ஒன்று, குழாய் இல்லாமல், வாயைத் திறந்துகொண்டு படகின் அடியில் கிடக்கிறது.

திரும்பியிருந்தால் அரை மணி நேரத்தில் போயிருக்கலாம். காக்காவுக்கு ஒரு போன் செய்திருந்தால் யாரையாவது அனுப்பி மூடியிருப்பார். ஆனால் போன் செய்தால் என்ன சொல்வது? படகு வேலை தெரிந்த ஒரே பிளம்பர், அடி ஓட்டையைத் திறந்துபோட்டுவிட்டு வந்தேன் என்றா? போனைக் கையில் எடுத்தேன், வைத்தேன். சேற்றில் உட்கார்ந்த படகுதானே, என்ன பெரிதாக ஏறிவிடப் போகிறது என்று எனக்கு நானே சப்பைக்கட்டுக் கட்டினேன். பெரியவர் மனசு கேட்காமல் எப்படியும் சாயங்காலம் ஒரு நடை வந்து பார்ப்பார் என்றும் நினைத்தேன். நான் துரத்தி அனுப்பிய மனிதரையே நம்பிக்கொண்டு கல்யாண வீட்டுக் குழாயை ஒட்டப் போனேன்.

அவர் வரவில்லை. நான் சொன்னதை அப்படியே கேட்டு வீட்டில் படுத்திருக்கிறார்.

காலையில் காக்கா போன் செய்தபோது குரல் உடைந்திருந்தது. நான் போய்ச் சேர்ந்தபோது படகு மேல்தட்டு மட்டும் தெரிய உட்கார்ந்திருந்தது. உள்ளே மெத்தைகள் மிதந்தன. எஞ்சின், பேட்டரி, காக்கா சிங்கப்பூரிலிருந்து ஆசை ஆசையாகக் கொண்டுவந்த மரப்பெட்டி எல்லாம் சேற்றுத் தண்ணீருக்குள். பெரியவர் படகுக்குள் இடுப்பளவு தண்ணீரில் நின்று இடது கையால் வாளி வாளியாக மொண்டு ஊற்றிக்கொண்டிருந்தார். ஏணிக்கருகில் அவருடைய சோற்றுப் பானை மிதந்தது.

மருமகன் யாரையோ உள்ளே இறக்கிப் பார்த்திருந்தார். வால்வு திறந்து கிடந்தது என்பது எல்லோருக்கும் தெரிந்துவிட்டது. காக்கா என்னைப் பார்த்தார். அந்தப் பார்வையில் சந்தேகம் இருந்திருந்தால்கூட நான் தாங்கியிருப்பேன். நம்பிக்கைதான் இருந்தது.

"நீங்க சொல்லுங்க பிளம்பரே. நீங்க போறப்போ வால்வை மூடிட்டுத்தானே போனீங்க?"

"மூடிட்டுத்தான் போனேன் காக்கா."

எச்சில் விழுங்கக்கூட நேரம் எடுக்கவில்லை. அவ்வளவு சரளமாக வந்தது.

"அப்ப இவர்தான் திறந்திருக்கணும்" என்றார் மருமகன்.

"நான் போட்டுப் பக்கமே வரலீங்க" என்றார் பெரியவர், வாளியைக் கீழே வைக்காமல். "பிளம்பர் தம்பிதான் உள்ள படுக்க வேணாம், வீட்டுக்குப் போங்கன்னு சொன்னாரு."

"வீட்டுல படுத்துத் தூங்குறதுக்குத்தான் உங்களைக் காவலுக்கு வச்சிருக்கா? திறந்தாலும் உங்க தப்பு, பார்க்காம விட்டாலும் உங்க தப்பு. மாமா, இதுக்கு மேல நான் என்ன சொல்ல?"

நான்தான் போகச் சொன்னேன் என்று அப்போதாவது சொல்லியிருக்கலாம். அதில் பாதி உண்மையாவது இருந்திருக்கும். நான் படகைப் பார்ப்பது மாதிரி பார்த்துக்கொண்டு நின்றேன்.

பெரியவர் தண்ணீரிலிருந்து ஏறி வந்தார். என் பக்கத்தில் நின்று தலைத்துண்டைப் பிழிந்தார். பிறகு, தொழில் விஷயம் கேட்கிறவர் மாதிரி சாதாரணமாகக் கேட்டார்.

"தம்பி, பலகைக்கு அடியில கெடந்துச்சே தண்ணி. நேத்து வடிஞ்சுதா?"

"வடிஞ்சுதுண்ணே" என்றேன்.

சொன்ன பிறகுதான் எனக்கு உறைத்தது. மேல்தட்டில் கைப்பம்பின் பிடியை இறுக்கிக் கட்டியிருந்த கயிறு அவர் போட்ட முடிச்சிலேயே இருந்தது. வாளியை முந்தின நாள் அவர் வீட்டுக்கு எடுத்துப் போயிருந்தார். பம்பு அடிக்காமல், வாளியால் மொள்ளாமல் அந்தத் தண்ணீர் எப்படி வடிந்தது என்று அவருக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. எனக்கு நாக்கைப் பிடுங்கிக்கொள்ளலாம் போல இருந்தது. மற்றவர்கள் யாருக்கும் அந்தக் கேள்வியின் பொருள் புரியவில்லை. அவர் என் முகத்தை ஒருமுறை பார்த்தார். சண்டை போடுவார், சட்டையைப் பிடிப்பார் என்று காத்திருந்தேன்.

"அப்படியா" என்றார். துண்டைத் தோளில் போட்டுக்கொண்டு மரத்துறையில் நடந்து கரைக்குப் போனார். மிதந்த சோற்றுப் பானையை எடுக்கவும் திரும்பி வரவில்லை.

படகைத் தூக்கி, உலரவைத்து, குழாய்கள் முழுவதையும் நானே புதிதாகப் போட்டுக் கொடுத்தேன். கூலி வேண்டாம் என்றேன். காக்கா அதையும் என் பெருந்தன்மை என்று ஊரெல்லாம் சொன்னார். போட்டு பிளம்பர் என்று எனக்குப் பட்டப்பெயர் வந்தது அப்படித்தான். புதுக் காவலாளாக ஓர் இளைஞன் வந்தான். அவன் எந்நேரமும் போனைப் பார்த்துக்கொண்டிருந்தான். வேலை நடந்த அந்த மாதம் முழுவதும் நான் அந்த வால்வைத் தொடும்போதெல்லாம் இரண்டு முறை மூடிப் பார்ப்பேன்.

உண்மையைச் சொல்ல எனக்கு எட்டு மாதம் ஆயிற்று. வீரம் வந்து சொல்லவில்லை. என் வீட்டில் மோட்டார் சுவிட்சைப் போட்டுவிட்டு மறந்து, டேங்க் நிரம்பி வழிந்த ஒரு நாளில், "நான் போடல, நீதான் போட்டிருப்ப" என்று வாய் கூசாமல் மனைவியிடம் சொன்னேன். அவள் ஒன்றும் பேசாமல் போய் சுவிட்சை நிறுத்தினாள். அந்த மௌனத்தை எங்கே பார்த்தேன் என்று யோசித்துக்கொண்டே உட்கார்ந்திருந்தேன். மறுநாள் காலை காக்கா வீட்டு வாசலில் நின்றேன்.

எல்லாவற்றையும் சொன்னேன். பாலம், ஷட்டர், கையில் எடுத்து வைத்த போன், எல்லாம்.  அதுவரை என்னை வாங்க போங்க என்று பேசிய காக்கா அன்று ஒருமைக்கு மாறினார்.

"இதை இன்னிக்கு வந்து சொல்றியே, எதுக்கு? போட்டை வித்து போன வாரம்தான் புதுச்சேரிக்கு ஓட்டிட்டுப் போனாங்க. அதைப் பார்த்தாலே எனக்கு மனசு விட்டுப்போச்சு, வித்துட்டேன். இப்ப அந்த மனுஷனைத் திரும்பக் கூப்பிட்டு எங்க படுக்கச் சொல்றது, என் வீட்டுக் கட்டில்லயா?"

நான் வாசலிலேயே நின்றேன்.

"உன் பாரத்தை எறக்கி வைக்க நான்தான் கெடைச்சேனா? போ. போய் அவர்கிட்ட சொல்லு" என்று எழுந்து உள்ளே போய்விட்டார்.

போனேன். மீனவர் குடியிருப்பில் வரிசையாகக் கட்டிய கான்கிரீட் வீடுகள். வாசலில் அவர் மனைவி மீன் அலசிக்கொண்டிருந்தார். என் தோள் பையில் ஸ்பேனர் துருத்திக்கொண்டிருந்ததைப் பார்த்ததும் அவர் முகம் மலர்ந்தது.

"பிளம்பரா? கடவுளா பார்த்து அனுப்பியிருக்காரு. உள்ள வாங்க. பாத்ரூம்ல போன தண்ணியெல்லாம் சாயங்காலம் ஆனா திரும்பி மேல வருது. எத்தனை பேர்கிட்ட சொல்றது?"

நான் யார் என்று அவருக்குத் தெரியாது. பெரியவர் வீட்டில் சொல்லவேயில்லை என்பது அப்போதுதான் எனக்குப் புரிந்தது. அவர் உள்ளே தரையில் பாயில் உட்கார்ந்திருந்தார். இளைத்திருந்தார். கண்ணுக்குக் கீழே கருத்திருந்தது. என்னைப் பார்த்தார். "வாங்க" என்று மட்டும் சொன்னார்.

"அவருக்கு ராவெல்லாம் தூக்கமில்லீங்க" என்றார் அந்த அம்மா. "பேய் மாதிரி வாசலுக்கும் உள்ளுக்கும் நடக்குறாரு. விடிஞ்ச பொறவு கரையில ஏத்தி வச்சிருக்கிற உடைஞ்ச பைபர் போட்டுல போயிப் படுத்துக்கிறாரு. அது மணல்ல கெடக்கு, ஆடவா போவுது?"

"அண்ணே, நான் காக்காகிட்ட எல்லாத்தையும் சொல்லிட்டேன்" என்றேன்.

"போட்டை வித்துட்டாராமே" என்றார் அவர்.  மன்னிப்புக் கேட்கும் வாசகம் ஒன்றை வழியெல்லாம் தயார் செய்து வைத்திருந்தேன். அதைச் சொல்லவில்லை. வேறென்ன செய்வது என்று தெரியாமல் சட்டையைக் கழற்றிவிட்டுக் குளியலறைக்குப் போனேன்.

அடைப்பு ஒன்றுமில்லை. கழிவுக் குழாய் வீட்டுக்குப் பின்னால் ஓடும் வடிகாலில் முடிந்தது. கடல் ஏறும்போது வடிகாலில் தண்ணீர் உயர்ந்து, குழாய் வழியாக எதிர்த்து வீட்டுக்குள் வருகிறது. எட்டு மாதத்துக்கு முன்னால் என்றால் குழாய்க்கு இன்னும் கொஞ்சம் சரிவு கொடுத்துவிட்டு, தண்ணீர் போகும் என்று சொல்லிவிட்டு வந்திருப்பேன். வடிகாலுக்குள் இறங்கினேன். மார்பு வரை சாக்கடை. குழாயின் வாயில், உள்ளிருந்து தள்ளினால் திறந்து, வெளியிலிருந்து தள்ளினால் மூடிக்கொள்ளும் மூடி ஒன்றை மாட்டினேன். கூடவே, நம்பிக்கை இல்லாமல், அந்த மூடியை ஒட்டி, குழாயின் வீட்டுப் பக்கமாகக் கையால் மூடுகிற வால்வு ஒன்றும் போட்டேன். கடைக்குப் போய்ச் சாமான் வாங்கி வந்து முடிப்பதற்குள் பொழுது சாய ஆரம்பித்து, வடிகாலில் தண்ணீர் ஏறத் தொடங்கியிருந்தது.

பெரியவர் கொல்லைப் படியில் வந்து உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருந்தார். அந்த அம்மா குளியலறையில் இரண்டு வாளித் தண்ணீரை ஊற்றினார். குழாய்க்குள் தண்ணீர் இறங்கும் சத்தம் கேட்டது. நான் சாக்கடைக்குள் நின்றபடி அவரை நிமிர்ந்து பார்த்தேன்.

"வடிஞ்சுதா?" என்று கேட்டார்.

"வடிஞ்சுதுண்ணே."

ஏறிவரும் தண்ணீரைப் பார்த்துக்கொண்டே, குரலில் ஒரு கோபமும் இல்லாமல் அடுத்ததைக் கேட்டார்.

"மூடிட்டீங்களா?"

தண்ணீர் போனதுமே மூடித்தான் வைத்திருந்தேன். என் கை இன்னும் அந்தக் கைப்பிடியின் மேல்தான் இருந்தது. ஆனால் மூடிட்டேன் என்ற அந்தச் சொல் என் வாயிலிருந்து வரவில்லை. அவர் காத்திருந்து பார்த்தார். பிறகு படியை விட்டு மெல்ல எழுந்து, வேட்டியைத் தூக்கிச் செருகிக்கொண்டு, சாக்கடைக்குள் இறங்கி வந்தார். என் கையை விலக்கிவிட்டு, தன் இடது கையால் அந்த வால்வைத் தடவி, மூடியிருக்கிறதா என்று தானே பார்த்துக்கொண்டார்.